சுவர் நிற்கிறது, சரி. வீட்டைத் தாங்குமா?

வீடு கட்டுவோர் பகுதிக்கு இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மலைப்பக்கத்திலிருந்து. அதில் நான்கு, தடுப்புச் சுவரைப் பற்றியே இருந்ததால் சேர்த்துப் பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: சார், கோத்தகிரி பக்கத்தில் 6 சென்ட் சரிவு நிலம் வாங்கியிருக்கிறோம். முன்பு வைத்திருந்தவர் கீழ் எல்லையில் 11 அடி உயரத்துக்குக் கருங்கல் சுவர் எழுப்பி, உள்ளே மண் நிரப்பிச் சமப்படுத்தி வைத்திருக்கிறார். இருபது வருஷத்துக்கு மேலான சுவர் என்கிறார்கள். தண்ணீர் வெளியேற பைப் எல்லாம் வைத்திருக்கிறது, ஆனால் அதில் தண்ணீர் வந்து நாங்கள் பார்த்ததே இல்லை. நடுவில் ஓரிடத்தில் லேசாக வயிறு தள்ளியிருக்கிறது. "இத்தனை மழையைப் பார்த்த சுவர், தைரியமா மாடி வீடே கட்டலாம்" என்கிறார் மேஸ்திரி. பள்ளத்தாக்கு நன்றாகத் தெரியும் என்று சுவரிலிருந்து 5 அடி மட்டும் தள்ளிக் கட்ட நினைக்கிறோம். சுவருக்குக் கீழே ஒரு குடும்பம் குடியிருக்கிறது. கட்டலாமா?
— ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: 5 அடியில் கட்டாதீர்கள் அம்மா. ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன், ஆனால் முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கடிதத்தின் கடைசி வரியில் கீழே ஒரு குடும்பம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள்.

மேஸ்திரி சொல்வதில் பாதி உண்மை. அந்தச் சுவர் இருபது வருஷம் தாங்கியது காலி மனையை. அதன் தலையில் வீடு எதுவும் இருந்ததில்லை, வீட்டோடு வரும் குளியலறைத் தண்ணீரும் கூரைத் தண்ணீரும் செப்டிக் டேங்க்கும் இருந்ததில்லை. எனவே அது நின்றதை வைத்து இனியும் நிற்கும் என்று சொல்ல முடியாது.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். எளிதாக இருக்க 3 மீட்டர் சுவர், அதாவது சுமார் 10 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இருக்கும் மண் நன்றாக வடிந்த மண்ணாக இருந்தால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் அது சுமார் 2.7 டன் விசையோடு வெளியே தள்ளும். அதே மண்ணில் தண்ணீர் வடிய வழியில்லாமல் சுவரின் தலை வரை தேங்கிவிட்டால் அந்த விசை 5.5 டன்னைத் தாண்டிவிடும். கோடையில் பார்த்த சுவரும் கார்த்திகை அடைமழையில் நிற்கிற சுவரும் ஒன்றில்லை என்பது இதனால்தான். அப்புறம் வீடு. ஒரு தளத்துக்குச் சதுர மீட்டருக்கு ஒரு டன் என்று எடுத்தாலும் மாடி வீட்டுக்கு 2 டன். அது சுவரை ஒட்டி உட்கார்ந்தால் மீட்டருக்கு இன்னொரு 2 டன் தள்ளுவிசை கூடும். மண்ணின் தள்ளல் சுவரின் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் விழுகிறது, மேலே வைத்த சுமையின் தள்ளல் பாதி உயரத்தில் விழுகிறது, அதனால் சுவரைக் கவிழ்க்கும் வேலையை வீட்டுச் சுமை இன்னும் நன்றாகவே செய்யும். உங்கள் சுவர் 10 அடி இல்லை, 11 அடி. ஒரு அடிதானே என்று தோன்றும். தள்ளுவிசை உயரத்தின் வர்க்கத்தில் ஏறும், அந்த ஒரு அடிக்கே 20 சதவீதம் அதிகம்.

சரி, சுவர் எப்படிப்பட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? சிமெண்டும் கல்லும் தன் எடையால் மட்டுமே மண்ணைப் பிடித்து நிற்கும் சுவர் உங்களுடையது, உள்ளே கம்பி கிடையாது. அப்படிப்பட்ட சுவருக்கு அடிப்பாகத் தடிமன் உயரத்தில் பாதியாவது வேண்டும். 11 அடிக்கு ஐந்தரை அடி. மேலே ஒன்றரை அடி, இரண்டு அடி இருப்பது கண்ணுக்குத் தெரியும், கீழே எவ்வளவு என்பதுதான் தெரியாது.

அதற்கு அந்தத் தண்ணீர் வராத பைப்பே உதவும். 7 அடி நீளத்துக்கு ஒரு 10 எம்.எம். முறுக்குக் கம்பியை எடுத்து, கீழ் வரிசை பைப் ஒன்றுக்குள் மெதுவாக விடுங்கள். ஒரு அடி, ஒன்றரை அடி போனதும் கல்லில் டங்கென்று முட்டி நின்றால், கொத்தனார் முகப்பில் மட்டும் துண்டு பைப்பைச் சொருகிவிட்டுப் போயிருக்கிறார் என்று அர்த்தம். நிறைய சுவர்களில் இப்படித்தான், பார்ப்பதற்கு வரிசையாக அழகாக இருக்கும். கம்பி தடையில்லாமல் உள்ளே போய்ச் சுவரைத் தாண்டினால், எங்கே மண்ணோ ஜல்லியோ தட்டுப்படுகிறது என்று பார்த்து அந்த இடத்தில் கம்பியில் துணியைக் கட்டிக்கொள்ளுங்கள். வெளியே எடுத்து அளந்தால் அந்த உயரத்தில் சுவரின் தடிமன் கிடைத்துவிடும். கம்பியின் நுனியையும் பாருங்கள். பிசுபிசுவென்று செம்மண் அப்பியிருந்தால் சுவருக்குப் பின்னால் தண்ணீர் வடிய ஜல்லி போடவில்லை, மண்ணையே நேராகக் கொட்டியிருக்கிறார்கள், பைப் வாய் மண்ணால் அடைந்துவிட்டது. நுனி சுத்தமாக, கல்லில் உரசிய கீறலோடு வந்தால் ஜல்லி இருக்கிறது, பிழைத்தீர்கள். கீழ் வரிசையில் இரண்டே அடியில் கம்பி மண்ணைத் தொட்டுவிட்டால் மேலே படிக்க வேண்டியதில்லை. அது தடுப்புச் சுவர் வேஷத்தில் இருக்கும் காம்பவுண்டு சுவர். அதை நம்பி மேலே ஒன்றும் கட்டக்கூடாது.

வயிறு தள்ளிய இடம். கருங்கல் கட்டில் முன் வரிசைக் கற்களையும் உள் வரிசையையும் சேர்த்துப் பிடிக்க, சுவரின் தடிமனுக்குள் ஊடுருவும் நீளக் கற்களை இடையிடையே வைக்க வேண்டும். அதை வைக்காமல் இரண்டு தோலுக்கு நடுவில் சில்லுக்கல்லை அள்ளிப் போட்டால், சில வருஷத்தில் பின்னாலிருந்து வரும் அழுத்தத்தில் முன் தோல் பிரிந்து வெளியே வரும். சுத்தியலால் தட்டிப் பாருங்கள், நல்ல இடத்திலும் வயிறு தள்ளிய இடத்திலும் மாறி மாறி. உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் சத்தம் கேட்டால் பிரிந்துவிட்டது. அடுத்து சுவர் உச்சியிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, ஒவ்வொரு அடிக்கும் நூலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை அளந்து எழுதுங்கள். ஒழுங்காகக் கட்டிய தடுப்புச் சுவரின் முகம் மண் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்தே இருக்கும், நேர் செங்குத்தாக நின்றால்கூட ஒரு காலத்தில் சாய்ந்திருந்தது முன்னே வந்திருக்குமோ என்று யோசிக்க வேண்டும். அளந்த புள்ளிகளில் பெயிண்ட் குறி வைத்து, மழைக்காலம் முடிந்ததும் அதே புள்ளிகளை மறுபடி அளந்து பாருங்கள். எத்தனை அங்குலம் தள்ளியிருக்கிறது என்பதைவிட, இன்னும் நகர்கிறதா என்பது முக்கியம். விரிசல் இருந்தால் அதன் குறுக்கே ஒரு கண்ணாடிப் பட்டையைச் சிமெண்டால் ஒட்டி வையுங்கள், சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும்.

மேலே மனையிலும் நடந்து பாருங்கள். சுவருக்கு இணையாக, 3 அடி 6 அடி தள்ளி, தரையில் நீளமாக வெடிப்பு ஓடுகிறதா? வெடிப்புக்குச் சுவர்ப் பக்கம் மண் ஒரு படி இறங்கியிருக்கிறதா? வேலிக்கல் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் சுவர் மட்டும் நகரவில்லை, அதன் பின்னால் இருக்கும் மண் சேர்ந்து நகர்கிறது. இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. சுவர் கவிழலாம், வழுக்கலாம், அடியில் மண் தாங்காமல் இறங்கலாம். இந்த மூன்றையும் எல்லோரும் பார்ப்பார்கள். மலையில் நாலாவது ஒன்று உண்டு, சுவருக்கு ஒரு கீறலும் விழாமல் அதைச் சுமந்துகொண்டு சரிவே மொத்தமாக இறங்கும். நீலகிரியில் சார்னோக்கைட் பாறை சிதைந்து உண்டான மண் பல இடங்களில் மிக ஆழமாக இருக்கிறது, செம்மண்ணுக்கு அடியில் வெளிறிய களி மாதிரி ஒரு அடுக்கு, காய்ந்தால் கெட்டி, நனைந்தால் வழுக்கும். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது மாவட்டம் முழுக்க நடந்த சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நிலச்சரிவு அபாயமுள்ளவை என்று மாவட்ட நிர்வாகம் 283 இடங்களைப் பட்டியலிட்டிருக்கிறது, உங்கள் இடம் அதில் வருகிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் விசாரியுங்கள்.

இப்போது தூரத்துக்கு வருவோம். சுவரின் அடிப்பாகத்தின் உள் மூலையிலிருந்து 45 டிகிரியில் மனைக்குள் மேல்நோக்கி ஒரு கோடு இழுங்கள். உங்கள் வீட்டின் அஸ்திவார அடிமட்டம் அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். அப்படி இருந்தால் வீட்டுச் சுமை சுவரைத் தொடாமல் அடியில் போய்விடும். உங்கள் அளவிலேயே போட்டுப் பார்ப்போம். சுவர் 11 அடி, மண்ணுக்குள் 2 அடி, மொத்தம் 13. அஸ்திவாரம் 5 அடி ஆழம் என்றால் மீதி 8 அடி, ஆக சுவரின் உள் மூலையிலிருந்து 8 அடி தள்ள வேண்டும். அந்த உள் மூலை சுவர் முகப்பிலிருந்து ஐந்தரை அடி உள்ளே இருக்கிறது. கூட்டினால் பதின்மூன்றரை அடி. நீங்கள் சொல்கிற 5 அடியில் கட்டினால், ஒழுங்கான சுவராக இருக்கும் பட்சத்தில், வீட்டின் அஸ்திவாரம் சுவரின் அடிப்பாகத்துக்கு நேர் மேலேயே உட்காரும். இதுவும் மண் சுமாராக நன்றாக இருந்தால்தான், நனைந்த களிமண்ணுக்கு இன்னும் தள்ள வேண்டும். அதோடு, கொட்டி நிரப்பிய மண்ணில் அஸ்திவாரமே நிற்கக்கூடாது, அதைத் தாண்டிப் பழைய நிலத்துக்குப் போக வேண்டும்.

6 சென்டில் இவ்வளவு தள்ளினால் வீடு எங்கே என்று கேட்பீர்கள். நியாயம்தான். வழிகள் இருக்கின்றன, எதுவும் மலிவில்லை. துளையிட்டு பைல், அதாவது ஆழமான கான்கிரீட் தூண், இறக்கிச் சுமையைச் சுவரின் அடிமட்டத்துக்குக் கீழே கொண்டுபோகலாம். அல்லது பழைய சுவரைப் பகுதி பகுதியாகப் பிரித்து, வீட்டுச் சுமையையும் சேர்த்துக் கணக்கிட்ட கான்கிரீட் சுவராக மாற்றலாம். அல்லது மாடியை விட்டுவிட்டு, வீட்டைப் பின்னால் மலைப்பக்கம் நகர்த்தி, சுவர் பக்கம் தோட்டமாக விடலாம், எனக்கு இதுதான் பிடிக்கும். பின்னால் நகர்த்துவதற்காக மேல் சரிவை மட்டும் வெட்டாதீர்கள், அங்கே இன்னொரு தடுப்புச் சுவர் தேவைப்படும்.

எதைச் செய்தாலும் மண் பரிசோதனையும், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் எழுத்துபூர்வமான கணக்கும் வேண்டும். "பார்த்தேன், நல்லா இருக்கு" என்று வாய்மொழியாகச் சொல்பவரை நம்ப வேண்டாம். வழுக்குவதற்கு எதிராக 1.5 மடங்கு, கவிழ்வதற்கு எதிராக 2 மடங்கு பாதுகாப்பு இருக்கிறதா, சுவருக்குப் பின்னால் தண்ணீர் நிற்கும் நிலையிலும் கணக்குப் போட்டிருக்கிறாரா என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு அவர் தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள். உங்கள் கிராமம் 1990-இல் அமைக்கப்பட்ட மலைப்பகுதி பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பில் வந்தால் அனுமதி நடைமுறையும் வேறு. ஜே.சி.பி. கொண்டுவரவும் நீலகிரியில் தனி அனுமதி வேண்டும்.

ஒன்றை விட்டுவிட்டேன், கட்டுமானப் பொருள். ஒரு யூனிட், அதாவது 100 கன அடி எம்-சாண்ட் நாலரை டன்னுக்குக் குறையாது. லாரிக்காரர் வசதி என்று சுவர் ஓரமாகத்தான் கொட்டுவார். தோண்டிய மண்ணும் அங்கேயே குவியும். வீடு எழும்புவதற்கு முன்பே சுவர் போய்விடுவது பெரும்பாலும் இப்படித்தான்.

கேள்வி: குன்னூரில் எங்கள் மனைக்கு மேல்பக்கம் அடுத்தவரின் தடுப்புச் சுவர், 14 அடி இருக்கும். மேலே அவருடைய வீடு. சுவர் லேசாக எங்கள் பக்கம் சாய்ந்த மாதிரி தெரிகிறது. நாங்கள் கீழே, சுவரிலிருந்து 4 அடி விட்டு அஸ்திவாரம் தோண்டப்போகிறோம். சொன்னால் "என் சுவர் நல்லாத்தான் இருக்கு, உங்க வேலையைப் பாருங்க" என்கிறார். நாளைக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு?
— ஒரு வாசகர், குன்னூர்

பதில்: யார் பொறுப்பு என்பதைப் பிறகு பேசுவோம், 4 அடி தள்ளி வானம், அதாவது அஸ்திவாரக் குழி, தோண்டுவதை முதலில் நிறுத்துங்கள். சுவரின் முன்பாதத்துக்கு எதிரே இருக்கிற மண்தான் அது வழுக்காமல் முட்டுக் கொடுக்கிறது. அந்த மண்ணை நீங்கள் 5 அடி ஆழத்துக்கு எடுத்தால், 14 அடிச் சுவர் ஒரே நாளில் 19 அடிச் சுவர் மாதிரி ஆகிவிடும், பாதத்துக்கு அடியில் பிடிமானமும் போகும். அதுவும் நீளவாக்கில் முழு வானத்தையும் ஒரே நேரத்தில் திறந்துபோட்டு, ராத்திரி மழை வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சுவரின் உயரம் அளவுக்காவது, 14 அடி, தள்ளி ஆரம்பியுங்கள். அப்போதும் அந்தப் பக்கத்து வானத்தைத் துண்டு துண்டாகத் தோண்டி, ஒன்றைக் கான்கிரீட் போட்டு மூடிய பிறகே அடுத்ததைத் திறக்க வேண்டும், தை மாதத்துக்குப் பிறகு மழையில்லாத நாட்களில். படுக்கையறையைச் சுவர் பக்கம் வைக்காதீர்கள். குளியலறை, படிக்கட்டு, ஸ்டோர் ரூம் அந்தப் பக்கம் போகட்டும்.

2019 டிசம்பர் 2 விடியற்காலையில் மேட்டுப்பாளையம் நடூரில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும், உங்கள் ஊரிலிருந்து மலை இறங்கினால் வரும் இடம்தானே. மழையில் ஊறிய சுமார் 20 அடி உயரக் காம்பவுண்டு சுவர் கீழே இருந்த வீடுகள் மேல் விழுந்து, தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்தார்கள்.

சட்டம் இரண்டு பக்கமும் வெட்டும். 1882-ஆம் ஆண்டு ஈஸ்மெண்ட் சட்டப்படி, ஒவ்வொரு நிலத்துக்கும் அதன் இயற்கையான நிலையில் பக்கத்து நிலத்தின் தாங்குதல் கிடைக்க உரிமை உண்டு. நீங்கள் வெட்டியதால் அவர் மண் சரிந்தால் கேள்வி உங்களிடம் வரும். மறுபக்கம், அவருடைய சுவர் விழும் நிலையில் இருப்பது தெரிந்தும் அவர் கவனிக்காமல் இருந்தால் பொறுப்பு அவருடையது, ஆனால் அவருக்குத் தெரியும் என்பதற்கு உங்களிடம் தாள் இருக்க வேண்டும். அதனால் தூக்குக்குண்டு அளவு, தேதியோடு போட்டோ, முடிந்தால் ஒரு இன்ஜினியர் அறிக்கை, இவற்றை இணைத்துப் பதிவுத் தபாலில் அவருக்கு அனுப்புங்கள், நகராட்சிக்கும் ஒரு நகல். ஆபத்தாக நிற்கும் கட்டுமானத்துக்கு நோட்டீஸ் கொடுக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. அசையவில்லை என்றால் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். அக்கம்பக்கத்தாருக்கு ஆபத்தாக விழக்கூடிய கட்டடத்தைச் சரிசெய்யவோ அகற்றவோ உத்தரவிட, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133-ஆம் பிரிவு என்று இருந்தது, இப்போது புதிய சட்டத்தில் 152.

இதையெல்லாம் செய்வதற்கு முன் ஒரு முறை அவர் வீட்டுக்கே போய் உட்கார்ந்து பேசிப் பாருங்கள். சுவர் விழுந்தால் முதலில் வெடிக்கப்போவது அவர் வீட்டுத் தரைதான். செலவைப் பகிர்ந்து இரண்டு பேரும் ஒரே இன்ஜினியரை வைத்துக்கொண்டால், வக்கீல் செலவைவிடக் குறைவாகத்தான் ஆகும்.

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் வீட்டுத் தடுப்புச் சுவர் மழைக்காலம் முழுக்க ஊறிக்கொண்டே இருக்கிறது, பாசி பிடித்துப் பார்க்க அசிங்கமாக இருக்கிறது. வாட்டர் புரூஃப் கலந்து சிமெண்ட் பூசி அடைத்துவிடலாமா?
— ஒரு வாசகர், ஏற்காடு

பதில்: கூடவே கூடாது. அசிங்கமாக இருக்கிற அந்த ஊறல்தான் உங்கள் சுவரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. வெளியே வரும் தண்ணீரை அடைத்தால் அது பின்னால் ஏறும், முதல் பதிலில் சொன்ன 2.7 டன் எப்படி 5.5 டன் ஆனது என்று பாருங்கள். ஏற்கெனவே பூசிய சுவராக இருந்தால் பூச்சில் எந்த உயரம் வரை உப்புப் பூத்திருக்கிறது என்று கவனியுங்கள், ஈரம் பின்னால் எவ்வளவு உயரம் வரை ஏறுகிறது என்று அது ஓரளவு காட்டிக்கொடுக்கும். பாசியைத் தேய்த்துக் கழுவிவிடுங்கள், பைப் வாய்களைக் குத்திச் சுத்தம் செய்யுங்கள், அடியில் ஒரு சிறு வாய்க்கால் கட்டி ஊறலை ஓட விடுங்கள். தெளிந்த தண்ணீராக வரும் வரை பயமில்லை. கலங்கி, மண்ணோடு வந்தால் பின்னால் மண் அரித்துப் பள்ளமாகிக்கொண்டிருக்கிறது, உடனே ஆளைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: கொடைக்கானலில் தடுப்புச் சுவர் உள்ள மனையில் வீடு முடியும் நிலையில் இருக்கிறது. மழைநீர் சேகரிப்புக் குழியும் செப்டிக் டேங்க்கும் சுவர் ஓரமாகத்தான் இடமிருக்கிறது. போடலாமா?
— ஒரு வாசகி, கொடைக்கானல்

பதில்: 2003-லிருந்து மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் எல்லோரும் குழி தோண்டிவிடுகிறார்கள், சமவெளியில் சரி. தடுப்புச் சுவருக்குப் பின்னால் தண்ணீரை மண்ணுக்குள் இறக்குவது, சுவரைத் தள்ள நாமே ஆள் அனுப்புகிற வேலை. 1,000 சதுர அடிக் கூரையில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 9,000 லிட்டருக்கு மேல் சேரும். அதைத் தரைக்கு மேலே தொட்டியில் பிடித்துப் பயன்படுத்துங்கள், நிரம்பி வழிவதைப் பைப் போட்டுச் சுவரைத் தாண்டிக் கீழே வடிகாலில் விடுங்கள், சுவர் தலையில் வழிய விடாதீர்கள். செப்டிக் டேங்க்கை வீட்டின் மறுபக்கம் மாற்ற வழி பாருங்கள். வேறு இடமே இல்லை என்றால் கசியாத கான்கிரீட் தொட்டியாகக் கட்டி, சுமையையும் சுவர்க் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள். உறிஞ்சுகுழி மட்டும் சுவர்ப் பக்கம் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். டேங்க் நிரம்பினால் லாரி வந்து எடுத்துப்போகும் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், லாரியைச் சுவர் ஓரத்தில் நிறுத்தாமல் ரோட்டில் நிறுத்திக் குழாயை நீட்டச் சொல்லுங்கள்.